மூன்று ஃபாண்டுகள், ஒரு நூற்பட்டியல்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஃபிளாப்பி டிஸ்க் பெட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் இருக்கிறது. ஏரி பக்கத்திலேயே இருப்பதால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தண்ணீர் வாசற்படி வரை வந்துவிட்டது. அப்பா முதலில் காப்பாற்ற நினைத்தது அவருடைய புத்தகங்களைத்தான். அவர் கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ் அலமாரியில் இருந்த கட்டுகளைப் பரணில் ஏற்ற இடம் வேண்டும் என்பதற்காக, அங்கிருந்த சாமான்களை நான் ஒவ்வொன்றாக இறக்கினேன். அப்படி இறங்கியதுதான் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஐந்து ஃபிளாப்பி டிஸ்க்குகளும், ஒரு கருத்தரங்கத் தொகுப்பு நூலும் இருந்தன.

டிஸ்க்குகளின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: நூற்பட்டியல், சென்னை 1, சென்னை 2. கும்பகோணம். திருநெல்வேலி, அ முதல் ப வரை. திருநெல்வேலி, ம முதல் வ வரை.

"இது என்னப்பா?" என்று கேட்டேன். "அதை அப்படியே வை" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நான் தொகுப்பு நூலைப் பிரித்துப் பார்த்தேன். 112-ஆம் பக்கத்தில் அப்பாவின் பெயர். தலைப்பு, தமிழில் வெளிவந்த சிறுவர் நூல்களைப் பற்றியது. முதல் இரண்டு பக்கம் நல்ல தமிழ். மூன்றாம் பக்கத்திலிருந்து ஆங்கில எழுத்துகளும், அரைப்புள்ளிகளும், அடைப்புக்குறிகளும் கலந்த குப்பை. கடைசி வரை அப்படியே. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்திலும் அப்பா பெயருக்குக் கீழே இரண்டு வரி அதே குப்பை.

கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவனுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிடும். இந்தப் பத்திரிகையை நெடுநாளாகப் படித்து வருபவர்களுக்கும் புரிந்திருக்கும். ஃபாண்ட் பிரச்னை!

என்ன நடந்தது?

மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை அது. அப்பா, திருநெல்வேலிப் பக்கம் நூலகராக இருந்த ஒரு நண்பர் (அப்பா அவரை 'அண்ணாச்சி' என்பார், எனக்கு மாமா), கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து பள்ளி நூலகத்தையும் பார்த்துக்கொண்ட ஒரு சார். மூவரும் ஏதோ ஒரு நூலகர் மாநாட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் அறிமுகமானவர்களாம். சிறுவர் நூல்கள்தான் நூலகத்தில் முதலில் கிழிந்து போகின்றன, முதலில் கழித்துக் கட்டப்படுகின்றன, அதனால் எங்கே எது மிச்சம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலை.

2003-ல் ஒரு கல்லூரி நடத்திய கருத்தரங்குக்கு இதைக் கட்டுரையாக அனுப்பினார்கள். மூன்று பகுதி, ஆளுக்கு ஒரு பகுதி. அப்பா ஆவடியில் ஒரு பிரௌசிங் சென்டரில் டாப் ஃபாண்டில் அடித்தார். அண்ணாச்சி ஊரில் ஒரு டிடிபி சென்டரில் பாமினியில் அடித்துக் கொடுத்தார்கள். கும்பகோணத்தில் பள்ளிக் கம்ப்யூட்டரில் என்ன ஃபாண்ட் இருந்ததோ அதில். அவரவர் பெயரையும் அவரவர் ஃபாண்டிலேயே அடித்து, ஃபிளாப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். அப்பா மூன்று ஃபாண்டையும் ஒரே மெஷினில் ஏற்றிக்கொண்டு, ஒரே வேர்ட் ஃபைலில் ஒட்டினார். திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. அச்சகத்தில் டாப் ஃபாண்ட் மட்டும்தான் இருந்தது. அச்சாவதற்கு முன் ஒருவராவது புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிழைதிருத்தம் போடச் சொல்லி அப்பா இரண்டு கடிதம் எழுதினாராம். பதில் வரவில்லை. மூன்று பேர் உழைப்பில் ஒருவர் பெயர் மட்டும் அச்சாகிவிட்டது. "அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் அப்பா. கடிதங்கள் குறைந்தன. பட்டியல் வேலை நின்றது. 2011-ல் அண்ணாச்சி காலமானார். அப்பா அந்தத் தொகுப்பை ஏன் பரணில் போட்டு வைத்திருந்தார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதே ஊரில், அதே வருடம்

இதில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அதே 2003-ல், அதே சென்னையில், தமிழ் இணைய மாநாடு நடந்தது. இப்படிப்பட்ட குளறுபடி நேரக்கூடாது என்பதற்காகவே கூடியவர்கள் அவர்கள். அப்பாவுக்கு அப்படி ஒரு மாநாடு நடப்பதே தெரியாது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 90-களில் தமிழ் மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் எழுத்துகளை வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒரு ஃபாண்டில் 'ழ' இருக்கும் எண்ணில் இன்னொரு ஃபாண்டில் 'கூ' இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று நீங்கள் அடித்தால் ஃபைலில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி ஃபாண்ட் இருந்தால் அது தமிழ், இல்லாவிட்டால் 112-ஆம் பக்கம்!

இதைப் பேசித் தீர்க்க 1997-ல் சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்கு கூடியது. அதற்கு முன்நின்றவர் நா. கோவிந்தசாமி. அடுத்தது 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99'. நீங்கள் இன்று கம்ப்யூட்டரிலோ போனிலோ 'தமிழ்99' என்று ஒரு விசைப்பலகையைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்தப் பெயரில் உள்ள 99 இந்த மாநாட்டு வருடம்தான். இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய் என்ற ஏற்பாடும், ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும் வசதியும் அங்கே இறுதி செய்யப்பட்டவை. எழுத்துக் குறியீட்டுக்கு டாம் (தமிழ் மட்டும்), டாப் (தமிழும் ஆங்கிலமும்) என்ற இரண்டையும் தமிழக அரசு ஏற்றது. வெளிநாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய டிஸ்கி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக, தரம் வந்த பிறகும் தரம் ஒன்றுக்கு மேல்!

2000-ல் சிங்கப்பூரில் கூடியபோது 'உத்தமம்' என்ற அமைப்பு உருவானது. 2001-ல் கோலாலம்பூர், 2002-ல் கலிஃபோர்னியா, 2003-ல் சென்னை, 2004-ல் மீண்டும் சிங்கப்பூர் என்று மாநாடுகள் தொடர்ந்தன. 2009-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில்கூட நடந்தது. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு சேர்ந்து நடந்தது. அந்த ஆண்டுதான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். இடம் கிடைத்ததிலிருந்து அரசு ஏற்பு வரை 19 வருடம்.

மாநாடு என்றால் பொன்னாடை, குத்துவிளக்கு, மதியச் சாப்பாடு, சான்றிதழ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் கல்லூரி நாட்களில் பார்த்தவை அப்படித்தான். ஆனால் இந்த மாநாடுகளின் உண்மையான வேலை, 'ழ' எந்த எண்ணில் உட்கார வேண்டும் என்று ஊர் ஊராகக் கூடிச் சண்டை போட்டதுதான். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். அந்தச் சண்டை முடியாத ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டுரைகூட எழுத முடியவில்லை!

ஃபிளாப்பியைத் திறப்பது எப்படி?

ரிச்சி தெருவில் பழைய யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று கிடைத்தது. நீங்களும் முயன்று பார்ப்பதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் டிஸ்க்கின் மூலையில் உள்ள சின்னத் தடுப்பை நகர்த்தி, ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. விண்டோஸ் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்டால் பதறாமல் 'வேண்டாம்' கொடுங்கள். ஃபைலை நேரடியாகத் திறக்காதீர்கள். முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கு அருமையானது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், மற்றதை எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து மீண்டும் முயலும். மொத்தமே 1.44 எம்பி. ஆனால் கும்பகோணம் டிஸ்க்குக்கு ஓர் இரவு முழுக்க ஓடியது.

நான்கு டிஸ்க்குகள் படிக்கக் கிடைத்தன. ஐந்தாவது வெறும் உறுமல்தான்.

அடுத்தது மாற்றுவது. டாப், பாமினி இரண்டுக்கும் மாற்றிகள் உண்டு. அந்நாளில் சுரதாவின் பொங்குதமிழும் என்எச்எம் கன்வர்ட்டரும் பல பேருக்குக் கை கொடுத்தன. நான் பைத்தானில் எழுதும் பழக்கம் உள்ளவன் என்பதால் ஓப்பன்-தமிழ் தொகுப்பைப் பயன்படுத்தினேன். வெறுமனே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. பழைய ஃபாண்டில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. மாற்றி இந்த இடமாற்றத்தையும் செய்ய வேண்டும்.

கும்பகோணம் ஃபாண்ட் என்ன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபைலில் இருந்த ஃபாண்ட் பெயரை வைத்து எங்கும் எதுவும் கிடைக்கவில்லை. அப்பாதான் வழி சொன்னார். "எல்லாப் பதிவுலயும் பதிப்பகம்னு ஒரு வார்த்தை வரும், பாரு." உண்மைதான்! ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வந்த ஒரே குறித்தொடரைப் பிடித்தேன். ப, தி, க, ம் கிடைத்துவிட்டன. 'சென்னை' என்ற ஊர்ப் பெயரிலிருந்து இன்னும் சில. 'ஆத்திசூடி' என்று ஊகித்ததிலிருந்து மேலும் சில. குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழு எழுத்து அட்டவணையையும் எடுத்துவிட்டோம். சந்தேகம் வந்த இடத்தில் கும்பகோணத்துக்கே போன் போட்டோம். அப்பா அவரிடம் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. முதல் போன் எழுத்துரு பற்றியதாக இருந்ததால் இருவருக்கும் சங்கடம் இல்லாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

ஒளவையார் எங்கே போனார்?

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். மூன்று பட்டியலையும் ஒரே ஷீட்டில் போட்டேன். அப்பாவுடையது 612, கும்பகோணம் 380, திருநெல்வேலி முதல் பாதி 274. மொத்தம் 1,266 பதிவுகள். ஒரே நூல் இரண்டு பட்டியலில் இருந்தால் நீக்கச் சொல்லி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். 131 கிடைத்தது. பெருமையாக அப்பாவிடம் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஔவையார்னு தேடு" என்றார். தேடினேன். ஏழு வந்தது. "எனக்குத் தெரிஞ்சு இருபதுக்கு மேல இருக்கணுமே."

விஷயம் இதுதான். 'ஔ' என்பது ஓர் எழுத்து. ஆனால் பலர் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்துவிடுகிறார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு ஒளவையார் வேறு, ஔவையார் வேறு. இந்தப் பகுதியின் உபதலைப்பை நான் எப்படி அடித்திருக்கிறேன் என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள்! 'கௌ' போன்ற எழுத்துகளிலும் கொம்புக்குப் பின் 'ள' போட்டுவிடும் இதே தவறு நடக்கிறது. அதுபோல 'கொ'வை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் பதியலாம். திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும், தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. இரண்டாவது வகையைச் சரி செய்ய யூனிகோடிலேயே 'நார்மலைசேஷன்' என்று ஒரு வழி இருக்கிறது. பைத்தானில் ஒரே வரி. முதல் வகை எழுத்துப் பிழை, அதற்குத் தனியாகத்தான் விதி எழுத வேண்டும்.

அடுத்து வரிசை. 'ஸார்ட்' பொத்தானை அழுத்தினேன். அப்பா முகம் சுளித்தார். 'மனம்' முன்னால் வந்து, 'மயில்' பின்னால் நின்றது. 'அகல்' வந்த பிறகு 'அக்கா' வந்தது. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் தேவநாகரியை ஒட்டிய அடுக்கில் வைக்கப்பட்டவை. அதனால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கு அடுத்து ஜ. புள்ளி எல்லாவற்றுக்கும் கடைசி. நம் அகராதி வரிசையிலோ புள்ளி வைத்த மெய் முதலில், 'ன' கடைசி. எண் வரிசையில் அடுக்கும் எந்த மென்பொருளும் தமிழில் தவறாகவே அடுக்கும். மொழி அமைப்பில் தமிழைத் தேர்வு செய்து, மொழி வழக்கத்தைப் பின்பற்றி அடுக்கத் தெரிந்த மென்பொருளைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஊர் நூலகப் பட்டியலையோ, கல்யாண அழைப்பிதழ் முகவரிப் பட்டியலையோ அடுக்கிப் பாருங்கள், தெரியும்.

இதற்கெல்லாம் பிறகும் நீங்காத ஒரு சிக்கல் இருந்தது. அது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதே இல்லை. கும்பகோணம் பட்டியலில் 'வாண்டுமாமா', அப்பா பட்டியலில் சில இடங்களில் 'கௌசிகன்', சில இடங்களில் 'கிருஷ்ணமூர்த்தி, வி.' மூவரும் ஒருவரே! அழ. வள்ளியப்பாவை ஒருவர் 'அ'வில் போட்டிருக்கிறார், ஒருவர் 'வ'வில். நூலக அறிவியல் படித்தவர்களுக்கு இது பால பாடமாம். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பெயர் இருந்தாலும் பட்டியலில் ஒரே தலைப்பின் கீழ் சேர்க்க வேண்டும், மற்றப் பெயர்களிலிருந்து 'காண்க' என்று கை காட்ட வேண்டும். நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1934-லேயே பட்டியலுக்கென்று தனி விதிநூல் எழுதியவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். நான் படித்த டேட்டாபேஸ் பாடத்தில் இதையெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள்!

இந்தக் கண்ணோடு பார்த்து இரட்டிப்புகளை நீக்கியபின் மிஞ்சியது 871. என் புரோகிராம் 131 கண்டது. மீதியை இரண்டு ஓய்வு பெற்றவர்கள் போனில் பேசியே கண்டார்கள். என் புரோகிராம் தவறாக இணைத்துவிட்ட ஒன்பதையும் பிரித்து வைத்தார்கள். ஆத்திசூடியைக் கதையாக்கிய நூல்கள் பல உண்டு, தலைப்பு ஒன்று போலிருப்பதால் நூல் ஒன்றாகிவிடாது.

சேர்ந்து வேலை செய்ய...

இப்போது பட்டியல் கூகுள் ஷீட்டில் இருக்கிறது. அப்பா கோவில்பதாகையிலிருந்தும், சார் கும்பகோணத்திலிருந்தும் திருத்துகிறார்கள். நான் போட்ட காலங்களுக்கு மேல் அப்பா ஒரு காலம் சேர்க்கச் சொன்னார்: 'கையில் எடுத்துப் பார்த்ததா, கேள்விப்பட்டதா?' இது எனக்குத் தோன்றியே இருக்காது. யாரோ ஒருவர் பட்டியலில் தவறாக வந்த நூலை நான்கு பேர் நகலெடுத்தால், இல்லாத நூலுக்கு நான்கு சாட்சி கிடைத்துவிடும். அண்ணாச்சி தன் பட்டியலில் கையில் பார்த்த நூலுக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். அது பாமினியில் நட்சத்திரமாகவே இருந்து, அச்சில் எந்த எழுத்தாகவோ ஆகியிருந்தது.

அந்த நட்சத்திரங்களில் சில முகப்பேரில் கிடைத்தவை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களை, அவர் 1992-ல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல், 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைக்கத் துணை நின்றது. இப்போது தரமணியில் இருக்கும் அந்த நூலகம் முதலில் முகப்பேரில் இருந்தது. அண்ணாச்சி சென்னை வரும்போதெல்லாம் இருவரும் ஆவடியில் பஸ் பிடித்து அங்கே போய் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்களாம். இரண்டு நாடுகள் சேர்ந்து செய்த ஒரு வேலையின் பலன், அம்பத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் கிடைத்திருக்கிறது!

சேர்ந்து வேலை செய்வதற்கு மதுரைத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கியது. முகம் பார்க்காத பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை பார்த்து, இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். குறியீடு மாறியபோது டிஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் நூல்களை மாற்றிக்கொண்டே வந்தார்கள். அப்படி மாற்றிக்கொண்டே வர யாரும் இல்லாததால்தான் எங்கள் பட்டியல் பரணில் கிடந்தது.

ஜாக்கிரதை!

கட்டுரையை மீண்டும் அனுப்பலாம் என்று அப்பாவின் மின்னஞ்சல் முகவரியை இரண்டு இடத்தில் பதிவு செய்தேன். ஒரு மாதத்துக்குள் அப்பாவை 'மதிப்பிற்குரிய பேராசிரியர்' என்று விளித்து ஒரு கடிதம். வெளிநாட்டு நகரம், சர்வதேச மாநாடு, அப்பாவைத் தலைமையுரைக்கு அழைத்திருந்தார்கள். பதிவுக் கட்டணம் மட்டும் டாலரில். நூலகம், பயோடெக்னாலஜி, கான்கிரீட் எல்லாம் ஒரே மாநாட்டில்! அப்பா இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். 'போலிப்பா' என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

2005-ல் எம்ஐடி மாணவர்கள் மூவர் 'எஸ்சிஐஜென்' என்ற புரோகிராம் எழுதினார்கள். அர்த்தமே இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டுரைகளை அது தானாக எழுதும். அதில் ஒன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்ப, ஏற்றுக்கொள்ளப்பட்டது! இப்படிப்பட்ட போலி இதழ்களைப் பட்டியலிட்டுப் பெயர் பெற்ற ஜெஃப்ரி பீல் ஒரு நூலகர்தான், கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 2017 ஜனவரியில் தன் பட்டியலை எடுத்துவிட்டார். நம் நாட்டில் யுஜிசி வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. எனவே நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தைய வருடங்களின் தொகுப்பு நூல் படிக்கக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழுவில் பெயர் போட்டிருப்பவருக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'நீங்கள் இதில் இருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். அனுப்பிய மறுநாளே கட்டுரை ஏற்கப்பட்டால் சந்தேகப்படுங்கள்.

அப்பா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். மாநாடு பிறகு பார்த்துக்கொள்ளலாம், பட்டியலை முதலில் ஜெனோடோவில் போட்டுவிடலாம் என்று. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013-லிருந்து நடத்தும் இலவசக் களஞ்சியம் அது. யார் வேண்டுமானாலும் தங்கள் ஆய்வை ஏற்றலாம், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும். ஆசிரியர் பெயர்கள் எந்த வரிசையில் என்று கேட்டேன். "அண்ணாச்சி முதல்ல" என்றார். அண்ணாச்சி குடும்பத்தாரிடம் போனில் பேசி அனுமதியும் வாங்கிவிட்டார். நான் அந்தப் போன் பேசும்போது பக்கத்தில் இல்லை, மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

ஏற்றுவதற்கு ஒன்றுதான் தடை, அந்த ஐந்தாவது டிஸ்க். ம முதல் வ வரை. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் அண்ணாச்சியின் நட்சத்திரங்களோடு அதற்குள்தான் இருக்கிறார்கள். மூன்று டிரைவில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு டிரைவில் மட்டும் ஃபைலின் பெயர் வரை தெரிந்தது. பழைய ஃபிளாப்பியை மீட்ட அனுபவம் உள்ள வாசகர்கள் யாராவது இருந்தால், எந்த வகை டிரைவில், என்ன செய்து மீட்டீர்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். டிஸ்க்கை ஒரு காகித உறையில் போட்டு, இந்த முறை பரணில் வைக்காமல், அப்பாவின் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம்.